தேவலை என்பதற்கு எத்தனை மதிப்பெண்?

கோவையின் போத்தனூர் உழைப்பில் தேய்ந்த உடம்புகளின் ஊர். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கிப் போட்ட ரயில் தடம் 1862-இல் இவ்வழியே கடந்தது. தண்டவாளமும் சிக்னல் பட்டறையும் பல தலைமுறைகளுக்குப் பிழைப்பாயின. பக்கத்தில் குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டையின் லேத்துப் பட்டறைகளும் ஃபவுண்டரிகளும், சுற்றிலும் பஞ்சாலைகள். முட்டிவலி, முதுகுவலி, மூச்சிரைப்பு, கண்புரை எதுவும் இங்கே புதிதில்லை. சிகிச்சையும் தூரத்தில் இல்லை: திருச்சி சாலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அவினாசி சாலையில் அரவிந்த், மேட்டுப்பாளையம் சாலையில் கங்கா.

சிகிச்சையால் ஆள் தேறினாரா என்பதை யார் சொல்வது? சர்க்கரையைக் கருவி சொல்லும். எலும்பு கூடியதை எக்ஸ்ரே காட்டும். வலி, களைப்பு, மூச்சு வாங்குவது, தூக்கம், மனச்சோர்வு, வேலைக்குப் போக முடிகிறதா என்பதெல்லாம் நோயாளி வாய் திறந்தால்தான் தெரியும். அதற்காகத்தான் மருத்துவ உலகம் கேள்வித்தாள்களை உருவாக்கியது. நோயாளி பதில் சொல்வார். பதில்களைக் கூட்டினால் ஒரு மதிப்பெண் வரும். சிகிச்சைக்கு முன் 38, பின் 31 என்று வந்தால் அந்த ஏழு புள்ளிக்கு என்ன அர்த்தம்? அவர் வாழ்க்கையில் ஏதாவது மாறியிருக்கிறதா, இல்லை தாளில் மட்டும்தான் மாறியதா?

இந்தக் கேள்விக்குக் கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் கிடைத்த விடைகளை இங்கே பரிசீலிக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேள்விகளைத் தமிழுக்குக் கொண்டுவந்துவிட்டோம். எத்தனை புள்ளி மாறினால் அது நோயாளிக்குப் பொருட்டாகும் என்ற எல்லைக்கோட்டை இன்னும் பெரும்பாலும் கடன் வாங்குகிறோம். அந்தக் கோட்டை நம் ஊரில், நம் நோயாளிகளைக் கேட்டு வரைய வேண்டும்.

எல்லைக்கோடு பிறந்த விதம்

ஒரு மருந்தை ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தால் அற்பமான வித்தியாசம்கூடப் புள்ளியியல் கணக்கில் தேர்ச்சி பெற்றுவிடும். 100 புள்ளி அளவுகோலில் ஒரே ஒரு புள்ளி குறைந்தாலும் அது தற்செயல் இல்லை என்று கணக்கு சொல்லும். தற்செயல் இல்லை என்பதனாலேயே அது முக்கியமானதாகிவிடாது. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய கட்டுரை 1989-இல் வந்தது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யெஷ்கே, சிங்கர், கையாட் ஆகியோர் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடமும் இதய நோயாளிகளிடமும் ஏழு படிகள் கொண்ட கேள்விகளைக் கேட்டார்கள். கூடவே, 'போன தடவைக்கு இப்போது எப்படி இருக்கிறது?' என்று நேரடியாகவும் கேட்டார்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது என்று சொன்னவர்களின் மதிப்பெண், கேள்வி ஒன்றுக்குச் சராசரியாக ஏறத்தாழ அரைப் புள்ளி நகர்ந்திருந்தது.

அதிலிருந்து ஒரு வரையறை பிறந்தது. நோயாளி நன்மை என்று உணரக்கூடிய மிகச் சிறிய மாற்றம் எதுவோ, பெரிய பக்கவிளைவும் அதிகச் செலவும் இல்லாத பட்சத்தில் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு எது முக்கியமோ, அதுவே குறைந்தபட்ச முக்கிய மாற்றம். இந்த வரையறையில் நோயாளியின் உணர்வும் மருத்துவரின் முடிவும் ஒன்றாகவே இருக்கின்றன. பின்னால் வந்த பலர் இரண்டாவது பாதியை மறந்துவிட்டார்கள். பக்கவிளைவையும் செலவையும் எடை போட்ட பிறகும் இந்த மாற்றம் தகுமா என்பதே முழுக் கேள்வி. நாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வருபவருக்கு அந்தப் பாதி மிகவும் பெரியது.

இரண்டு வழிகள்

எல்லைக்கோட்டை வரைய இன்று இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, 1989-இல் செய்தது போல மதிப்பெண் மாற்றத்தை நோயாளியே புரிந்துகொள்ளும் வேறொரு பதிலோடு கட்டிப்போடுவது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு வலி. 0 முதல் 10 வரையான வலி அளவுகோலைப் பற்றி ஃபாரரும் உடன் ஆய்வாளர்களும் 2001-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து மருந்துச் சோதனைகளில் பங்கெடுத்த 2,724 பேரின் பதில்கள் அதில் இருந்தன. 'நன்றாகத் தேறியிருக்கிறேன்' என்று சொன்னவர்களுக்கு வலி சுமார் 2 புள்ளி, அல்லது தொடக்க அளவில் 30 சதவீதம் குறைந்திருந்தது. முதுகுவலிக்கான அளவுகோல்களைப் பரிசீலித்த 2008-ஆம் ஆண்டு ஒருமித்த கருத்தும் அதே 30 சதவீதத்தை ஒரு வழிகாட்டியாக ஏற்றது.

இரண்டாவது வழி நோயாளியைக் கேட்பதில்லை. எண்களின் பரவலைப் பார்க்கிறது. மதிப்பெண்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தில் பாதி அளவுக்கு மாற்றம் இருந்தால் அது பொருட்டானது என்று நார்மன், ஸ்லோன், வைர்விச் ஆகியோர் 2003-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஏறத்தாழ ஏழு படிகளுக்கு மேல் பிரித்தறிவது மனிதருக்குக் கடினம் என்பதே பல ஆய்வுகளும் இந்தப் பாதி அளவில் ஒத்துப்போவதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். கணக்கிட எளிதாக இருப்பதால் இந்தப் பாதி விலக்க விதி வேகமாகப் பரவியது. அதில் ஒரு குறை உண்டு. பரவல் என்பது ஆய்வுக்கு யாரைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்தது. லேசான நோயாளிகளையும் கடுமையான நோயாளிகளையும் கலந்து சேர்த்தால் எல்லைக்கோடு உயரும். ஒரே மாதிரியானவர்களை மட்டும் சேர்த்தால் தாழும். இரண்டிலும் நோயாளியின் வலி மாறவில்லை.

ஆனாலும் பரவல் கணக்கு வேறொரு முக்கியமான வேலையைச் செய்கிறது. காய்கறிக் கடைத் தராசில் ஒன்றும் வைக்காதபோதே முள் சற்று ஆடும். அந்த ஆட்டத்துக்குள் அடங்கும் எடையை நம்ப முடியாது. கேள்வித்தாளுக்கும் அப்படி ஓர் ஆட்டம் இருக்கிறது. உடம்பு மாறாத ஒருவரிடம் ஒரு வாரம் கழித்து அதே கேள்விகளைக் கேட்டாலும் மதிப்பெண் அச்சாக அப்படியே வராது. இந்த ஆட்டத்தைத் தாண்டிய மாற்றத்தைத்தான் உண்மையான மாற்றம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆகவே இரண்டு கோடுகள் தேவை. ஒன்று, அளவுகோலின் பிழையைத் தாண்டியதைக் காட்டும் கோடு. இன்னொன்று, நோயாளிக்குப் பொருட்டாவதைக் காட்டும் கோடு. முதலாவதைக் கணக்கால் போட்டுவிடலாம். இரண்டாவதை நோயாளியிடமிருந்துதான் பெற முடியும்.

ஒரே அளவுகோல், மூன்று எண்கள்

'இந்த அளவுகோலுக்கு எல்லை எத்தனை?' என்று கேட்டால் ஒற்றை எண்ணை எதிர்பார்க்கிறோம். அப்படி ஓர் எண் கிடையாது. மூட்டு மாற்று அறுவைக்கு உலகெங்கும் பயன்படும் ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் அளவுகோலில் 12 கேள்விகள், மொத்தம் 48 புள்ளிகள். பியர்டும் உடன் ஆய்வாளர்களும் 2015-இல் இதை ஆராய்ந்து மூன்று எண்களைத் தந்தார்கள். இரண்டு சிகிச்சைக் குழுக்களை ஒப்பிட 5 புள்ளி. ஒரு குழுவின் சராசரி முன்னேற்றத்துக்கு 9 புள்ளி. தனியொரு நோயாளிக்கு 7 புள்ளி. கேள்வி மாறினால் எண்ணும் மாறும்.

இதை மறந்தால் தவறான முடிவுக்குப் போவோம். ஓர் ஆய்வில் சராசரி முன்னேற்றம் 4 புள்ளி, எல்லைக்கோடு 7 என்று வைத்துக்கொள்வோம். 'சிகிச்சையால் பலனில்லை' என்று எழுதிவிடத் தோன்றும். அதே சராசரிக்குள் பாதிப் பேர் 8 புள்ளி ஏறி, மீதிப் பாதி அப்படியே இருந்திருக்கலாம். இரண்டு பேரில் ஒருவரைத் தேற்றும் சிகிச்சையை யாரும் ஒதுக்க மாட்டார்கள். சராசரியோடு நிறுத்தாமல் எத்தனை பேர் எல்லையைத் தாண்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும் என்று கையாட் 1998-இலேயே வற்புறுத்தினார். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டியும், அதன்பின் வந்தவையும், நோயாளிகள் அனைவரின் மாற்றத்தையும் ஒரே வரைகோட்டில் காட்டச் சொல்கின்றன. அப்படிக் காட்டினால் எந்த எல்லையை யார் வைத்தாலும் வாசகர் தாமே பார்த்துக்கொள்ளலாம்.

மதுரையும் சென்னையும் காட்டிய வழி

இந்தத் துறையில் தமிழ்நாட்டுக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1990-களில் ஒரு பெரிய சோதனையை நடத்தியது. கண்புரை நோயாளிகள் 3,400 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குப் பழைய முறைப்படி புரையை அகற்றித் தடித்த கண்ணாடி. மற்றொன்றுக்குக் கண்ணுக்குள்ளேயே லென்ஸ். சரியான கண்ணாடி போட்டுப் பார்த்தபோது இரு குழுக்களிலும் பெரும்பாலோருக்கு நல்ல பார்வை கிடைத்திருந்தது. அட்டையை வாசிக்கச் சொன்னதோடு நின்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆய்வாளர்கள் பார்வையால் செய்யும் அன்றாட வேலைகளைப் பற்றியும் வாழ்க்கைத் தரத்தைப் பற்றியும் கேள்வித்தாள் வைத்து நோயாளிகளைக் கேட்டார்கள். இரு குழுவும் வெகுவாகத் தேறியிருந்தது. லென்ஸ் வைத்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். தடித்த கண்ணாடியோடு படி இறங்குவதிலும் பக்கவாட்டில் பார்ப்பதிலும் உள்ள சிரமம் அட்டையில் தெரியாது. அதோடு வாழ்பவர் சொன்னால் தெரியும்.

அடுத்து, 2005-இல் இந்தியப் பார்வைச் செயல்பாட்டுக் கேள்வித்தாள் வெளியானது. அரவிந்த் அமைப்பைச் சேர்ந்த ஆர்.டி. துளசிராஜும் அதில் பங்காற்றினார். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களோடு பேசி, அவர்கள் சொன்ன சிரமங்களிலிருந்தே கேள்விகளை எடுத்தார்கள். 33 கேள்விகள் மூன்று பகுதிகளாக அமைந்தன: அன்றாட வேலை, மனமும் சமூகமும் சார்ந்த பாதிப்பு, பார்வைத் தொல்லைகள்.

சென்னையின் பங்கு இன்னும் முந்தையது. உலக சுகாதார நிறுவனம் 1990-களில் வாழ்க்கைத் தர அளவுகோலை உருவாக்கியபோது, உலகெங்கும் தேர்ந்தெடுத்த 15 மையங்களில் புது தில்லியோடு சென்னையும் இருந்தது. ஓரிடத்தில் எழுதிப் பிற மொழிகளுக்குப் பெயர்க்கும் வழக்கத்தை விட்டு, ஒவ்வொரு மையத்திலும் மக்கள் குழுக்களைக் கூட்டி, நல்ல வாழ்க்கைக்கு எதெல்லாம் வேண்டும் என்று கேட்டுத் தொகுத்தார்கள். 26 கேள்விகள் கொண்ட அதன் சுருக்க வடிவம் இன்று உலகெங்கும் புழங்குகிறது. தமிழ் பேசும் நோயாளிகள் இந்தக் கருவியின் பிறப்பிலேயே பங்கு பெற்றவர்கள். கேள்வியை உருவாக்கத் தகுதி இருந்த மக்களுக்கு எல்லைக்கோட்டை வரையவும் தகுதி உண்டு.

கோவையின் மதிப்பெண்ணும் அதற்கு அப்பாலும்

கோவையே உலகுக்கு ஒரு மதிப்பெண் முறையைத் தந்திருக்கிறது. விபத்தில் எலும்பு முறிந்து தோல் கிழிந்த காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிட வேண்டுமா என்று முடிவு செய்யக் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரனும் உடன் மருத்துவர்களும் உருவாக்கிய திறந்த காய மதிப்பெண் முறை அது. 2006-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, தோல், எலும்பு, தசை ஆகியவற்றின் சேதத்தையும் உடனிருக்கும் நோய்களையும் கூட்டி, 14 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் காலைக் காக்கலாம், 17 அல்லது அதற்கு மேல் இருந்தால் எடுப்பதே நல்லது, இடையில் உள்ளவை மருத்துவர் சிந்தித்து முடிவெடுக்க வேண்டியவை என்று காட்டியது. பல நாடுகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள். முதல் சில மணி நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவுக்கு இது அரிய துணை.

அந்த முடிவுக்குப் பின் வரும் ஆண்டுகளை வேறோர் ஆய்வு பார்த்தது. அமெரிக்காவின் எட்டு விபத்துச் சிகிச்சை மையங்களில் கடுமையாகக் காலில் அடிபட்ட 569 பேரைப் பின்தொடர்ந்து, பாஸும் உடன் மருத்துவர்களும் 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். கேள்வித்தாளுக்கு நோயாளிகளே தந்த பதில்களின்படி, இரண்டு ஆண்டுக்குப் பின் கால் காக்கப்பட்டவர்களுக்கும் கால் எடுக்கப்பட்டவர்களுக்கும் செயல்பாட்டில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. வறுமை, குறைந்த படிப்பு, தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாமை, தன்னால் முடியும் என்ற நம்பிக்கையின் குறைவு ஆகியவையே மோசமான நிலையோடு சேர்ந்து வந்தன. அறுவை அரங்கின் மதிப்பெண் ஒரு கேள்விக்கு விடை சொல்கிறது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு வாழ்க்கை எப்படி என்பது வேறு கேள்வி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஊராகக் கோவை வளர முடியும் என்று உறுதியாக நம்புகிறேன்.

கடன் வாங்கிய கேள்வியும் எல்லையும்

மூட்டு நோய்க்குப் பரவலாகப் பயன்படும் வோமாக் கேள்வித்தாள் காலுறை அணிவது, காரில் ஏறி இறங்குவது, குளியல் தொட்டியில் இறங்குவது பற்றிக் கேட்கிறது. சப்பணமிட்டு உட்காருவதும் குந்தி எழுவதும் அதில் இல்லை. செருப்போடு நடந்து, பஸ்ஸில் போய், தரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, குந்தி உட்காரும் கழிப்பறையைப் பயன்படுத்தும் போத்தனூர்ப் பெண்மணிக்கு, அவர் செய்யாத வேலைகளில் மதிப்பெண் போடுகிறோம்; செய்ய முடியாமல் தவிக்கும் வேலைகளை விட்டுவிடுகிறோம். மூட்டு மாற்றிய பின் மதிப்பெண் ஏறியிருக்கும். தரையில் உட்கார முடியாமல் கோயில் விசேஷத்தில் நாற்காலி தேடும் வருத்தம் எந்தக் கட்டத்திலும் பதிவாகாது.

முதுகுவலிக்கான ஆஸ்வெஸ்ட்ரி கேள்வித்தாளின் தமிழ் வடிவம் 2014-இல் நம்பகத்தன்மைச் சோதனையோடு வெளிவந்தது. அது நல்ல பணி. மூலத்தில் உள்ள தாம்பத்தியம் பற்றிய பகுதிக்குப் பலர் விடை தர மாட்டார்கள் என்பதால், விட்டுப்போன பகுதியைக் கழித்துச் சதவீதம் கணக்கிடும் ஏற்பாடு இந்த அளவுகோலில் உண்டு. ஆக, கேள்வியை நம் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. எல்லைக்கோட்டுக்கு வரும்போது மட்டும் '10 புள்ளி' என்று வெளிநாட்டு எண்ணை எடுத்து ஒட்டிவிடுகிறோம்.

அந்த எண் இங்கே ஏன் பொருந்தாமல் போகலாம்? முதல் காரணம் தொடக்க நிலை. நோய் முற்றிய பிறகு வருபவருக்கு மேலேறப் பெரிய இடம் இருக்கும். அவர் 'தேறினேன்' என்று சொல்லப் பெரிய மாற்றம் தேவைப்படலாம். இரண்டாவது, மரியாதை. 'பரவாயில்லைங்க' என்பது பல நேரங்களில் மருத்துவரை மனம் நோகச் செய்யக் கூடாது என்பதற்காக வரும் சொல். சிகிச்சை கொடுத்தவரே கேள்வியையும் கேட்டால் நன்றி மதிப்பெண்ணாகிவிடும். மூன்றாவது, நாள். பஞ்சு தூசியால் வரும் நெஞ்சடைப்பு வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் கடுமையாக இருக்கும். மூச்சு நோய்க்கான எட்டுக் கேள்வி, 40 புள்ளி அளவுகோலில் 2 புள்ளி குறைவதே முக்கியம் என்கிறது ஆய்வு. மில் தொழிலாளியிடம் சிகிச்சைக்கு முன் திங்கட்கிழமையும் பின் சனிக்கிழமையும் கேட்டால் அந்த 2 புள்ளி மருந்தே இல்லாமல் வந்துவிடலாம்.

நான்காவது காரணம் எல்லா நாட்டுக்கும் பொது. நோயோடு வாழ்ந்து பழகும்போது நல்ல உடம்பு எது என்ற நம் அளவே மாறிவிடுகிறது. ஸ்ப்ராங்கர்ஸும் ஷ்வார்ட்ஸும் 1999-இல் இதை விரிவாக விளக்கினார்கள். மூன்று மாதத்துக்கு முன் எப்படி இருந்தது என்பதும் சரியாக நினைவிருக்காது. இன்றைய நிலையிலிருந்தே அன்றைய நிலையை ஊகிக்கிறோம். ஆகவே ஒற்றைக் கேள்வியோடு மட்டும் கட்டிய எல்லைக்கோடும் ஆட்டம் காணும். வெளியாகும் எல்லைக்கோடுகள் எந்த அளவுக்கு நம்பத்தக்கவை என்று சோதிக்கும் வழிமுறை ஒன்றை தேவ்ஜியும் உடன் ஆய்வாளர்களும் 2020-இல் வெளியிட்டிருக்கிறார்கள். இரவல் எண்ணை எடுப்பவர் அந்தச் சோதனையையாவது செய்து பார்க்க வேண்டும்.

இங்கிருந்து செய்யக்கூடியவை

இந்திய மக்களைக் கேட்டே ஓர் அளவுகோலுக்கு மதிப்புகளை நிர்ணயிக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. சண்டிகர் முதுநிலை மருத்துவ ஆய்வு நிறுவனம் முன்னின்று, ஐந்து மாநிலங்களில் மக்களைச் சந்தித்து, பொது உடல்நலத்தை அளக்கும் ஈக்யூ-5டி அளவுகோலுக்கான இந்திய மதிப்புகளை 2022-இல் வெளியிட்டது. எந்த உடல்நிலையை நாம் எவ்வளவு மோசமாகக் கருதுகிறோம் என்பதற்கு வெளிநாட்டு எண்ணை நம்பும் தேவை அதோடு குறைந்தது. எல்லைக்கோடுகளுக்கும் அதே வேலையைச் செய்ய வேண்டும்.

நோயாளியே வேலைகளைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் ஒன்றும் கையில் இருக்கிறது. கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்டும் உடன் ஆய்வாளர்களும் 1995-இல் வெளியிட்ட முறை அது. தமக்கு முடியாமல் போன சில வேலைகளை நோயாளி சொல்வார்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அவரே மதிப்பிடுவார். ரயில் நிலைய மேம்பாலப் படி ஏறுவது, வாசல் கூட்டிக் கோலம் போடுவது, தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது, தரையிலிருந்து எழுவது என்று நம் மக்கள் சொல்லும் பட்டியலுக்கு அதில் இடம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் வாய்மொழியாகக் கேட்கலாம். சிகிச்சை கொடுத்தவர் கேட்காமல் வேறொருவர் கேட்டால் போதும்.

அரசுத் திட்டத்திலும் இதற்கு வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை மருத்துவத்தையும் வலி தணிப்புச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுபோகிறது. வீடு தேடிப் போகும் அந்தக் கைகளில், நோயாளி தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று வேலைகளின் மதிப்பெண்ணும் இருந்தால், எத்தனை பேரைச் சந்தித்தோம் என்பதோடு எத்தனை பேர் தேறினார்கள் என்பதும் தெரிந்துவிடும்.

மருத்துவ, இயன்முறை மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் எழுதும் ஆய்வேடுகளில் பல, முன்னும் பின்னும் மதிப்பெண் எடுத்து, வித்தியாசம் தற்செயல் இல்லை என்று காட்டுவதோடு முடிகின்றன. அவற்றில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: 'சிகிச்சை தொடங்கியபோது இருந்ததற்கு இப்போது எப்படி இருக்கிறது? மோசம், அப்படியே, கொஞ்சம் தேவலை, நன்றாகத் தேவலை?' கூடவே, 'இந்த அளவு தேறியதற்கு நீங்கள் செலவழித்த பணமும் விட்ட கூலியும் தகுமா?' என்றும் கேட்கலாம். பல கல்லூரிகளின் பதில்களைச் சேர்த்தால், சில ஆண்டுகளில் முழங்காலுக்கும் முதுகுக்கும் மூச்சுக்கும் கொங்கு நாட்டு நோயாளிகளே வரைந்த எல்லைக்கோடு நமக்குக் கிடைத்துவிடும். அது வெளிநாட்டு எண்ணோடு ஒத்துப்போகலாம், போகாமலும் இருக்கலாம். எதுவானாலும் ஒருவர் தேறினார் என்று நாம் எழுதும்போது, அவரைக் கேட்டுத்தான் எழுதினோம் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியும்.